பெரோ பாலத்தில் பூட்டு எதற்கு?

கரிசல்காடு:
நாடோடி தம் பயணக் குறிப்பில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுகத்து நடைபாலத்தில் காதலர்கள் காதலின் அடையாளமாக மாட்டிய பூட்டுகளைக் கண்டு, அதற்குக் ‘காதலர் பாலம்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார். 1999இல் திறந்த அதன் பெயர் பெரோ பாலம், ஐயா! பெரோ யார் தெரியுமா? 1765இல் கரீபியக் கடலின் நெவிஸ் தீவில் ஜான் பின்னி என்ற கரும்புத் தோட்ட முதலாளி விலைக்கு வாங்கிய 12 வயதுப் பையன். கூடவே அவன் தங்கைகள் நான்சி, ஷீபா. 1798இல் இறக்கும்வரை பெரோவுக்கு விடுதலை இல்லை. அவர் பெயரிலுள்ள பாலத்தில் பூட்டா?

நாடோடி:
பூட்டு மாட்டியது நானா? கம்பியெல்லாம் பூட்டு, கண்டதை எழுதினேன்.

கணக்கு வாத்தியார்:
பாலத்தில் எவரும் பார்ப்பது அந்த இரண்டு கொம்புகளைத்தான். நடுப்பகுதியைத் தூக்குவதற்கான எதிர் எடை அவை. பெரோவை நினைக்க வேண்டுமென்றால் கிரேட் ஜார்ஜ் தெரு 7ஆம் எண்ணுக்குப் போங்கள். அவர் ஊழியம் செய்த பின்னியின் வீடு, இன்று அருங்காட்சியகம்.

கரிசல்காடு:
கொம்பை யார் கேட்டது? பூட்டுக்குப் பதில் சொல்லுங்கள்.

வைகைச்செல்வி:
வாத்தியாரே, அந்த வீட்டு நிலவறையில் பின்னி முங்கிக் குளித்த குளிர்நீர்த் தொட்டிகூட பத்திரமாக இருக்கிறது. வீடு முதலாளியுடையது. பெரோவுக்கென்று இருப்பது பாலம்தான்.

நாடோடி:
பீரோ என்றால் பூட்டு இருக்கத்தானே செய்யும்?

வைகைச்செல்வி:
சீ! விலைபோன மனிதனின் பெயரில் விளையாட்டா?

கணக்கு வாத்தியார்:
பெரோவா, பீரோவா? உச்சரிப்பை முதலில் தீர்த்துக்கொள்வோம்.

கரிசல்காடு:
திசைதிருப்ப வேண்டாம். 2020 ஜூன் 7 அன்று அடிமை வணிகர் கோல்ஸ்டனின் சிலையை உருட்டிவந்து தண்ணீரில் தள்ளினார்களே, அது இந்தப் பாலத்தருகில்தான். அந்தக் கூட்டத்திடம் போய்க் ‘காதலர் பாலம்’ என்று சொல்லிப் பாருங்கள். அடிமையின் பாலத்தில் பூட்டு. மறுபடி சொல்கிறேன், பூட்டு!

நாடோடி:
உங்கள் எரிச்சல் பூட்டின்மேல் இல்லை. என் செட்டிநாட்டுக் கட்டுரையை எல்லோரும் புகழ்ந்த நாளிலிருந்து இதே பாட்டுத்தான்.

கரிசல்காடு:
அந்தக் கட்டுரையில் இருந்த ஒன்பது பிழைகளை எடுத்துக்காட்டியது நான். அப்போதும் பதில் இல்லை.

கணக்கு வாத்தியார்:
ஏழு. நான் எண்ணினேன்.

கரிசல்காடு:
ஒன்பது! பூட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.