[கலைச்சொல்] ‘கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி’ – தேட்டம் என்று வைக்கலாமா?

சென்னை, பொருளியல் பாடநூல் மொழிபெயர்ப்பு:

குழுவினருக்கு வணக்கம்.

குடும்பப் பொருளியல் பாடநூலில் மணமுறிவு அத்தியாயம் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. கலிஃபோர்னியா, டெக்சஸ், வாஷிங்டன் உள்ளிட்ட 9 அமெரிக்க மாநிலங்களில் கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி என்ற சொத்துமுறை நடைமுறையில் உள்ளது. கலிஃபோர்னியாவில் மணவாழ்வின்போது கணவனோ மனைவியோ உழைத்துச் சேர்த்தது, யார் பெயரில் இருந்தாலும், சேர்த்த அந்தக் கணமே இருவருக்கும் பாதிப் பாதி. மணத்துக்கு முன்பே இருந்தது, நடுவில் கொடையாகவோ வாரிசுரிமையாகவோ வந்தது, பிரிந்து வாழத் தொடங்கிய பிறகு சம்பாதித்தது ஆகியவை அவரவருக்கு.

வரைவில் ‘சமூகச் சொத்து’ என்று இருக்கிறது. படிப்பவர் ஊர்ப் பொதுநிலத்தையோ சாதிச் சங்கக் கட்டடத்தையோதான் நினைப்பார். ‘கூட்டுச் சொத்து’ என்றால் இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்து நினைவுக்கு வரும். அது இதற்கு நேர் எதிரானது, பிறப்பால் வருவது. ‘தம்பதிச் சொத்து’ என்றால் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நகையும் அதற்குள் போய்விடும்.

இதில் நாங்கள் கவனமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மனைவி வேலையை விட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அதனால் கணவன் இடமாற்றத்துக்கும் கூடுதல் நேர வேலைக்கும் தயங்காமல் போகிறான். அவன் சம்பளம் ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் அவளுடைய முதலீடும் இருக்கிறது. மணம் முறிந்தால் அது அவளுக்குத் திரும்பி வருமா என்பதை இந்தச் சொத்துமுறைதான் தீர்மானிக்கிறது. ஒருவர் மட்டும் கேட்டாலே விவாகரத்து கிடைக்கும் சட்டம் வந்தபோது, சொத்தைச் சமமாகப் பிரிக்கும் மாநிலங்களில் குடும்பச் சேமிப்பு கூடியதையும் மனைவியர் வேலைக்குப் போவது குறைந்ததையும் அலெஸாண்ட்ரா வோயெனா 2015இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. சட்டம் ஒன்றே, சொத்துமுறை மாறினால் வீட்டுக்குள் நடப்பதும் மாறுகிறது. எனவே உழைத்து வந்தது, மணக்காலத்தில் வந்தது என்ற இரண்டும் சொல்லிலேயே தெரிய வேண்டும்.

யாழ்ப்பாணம், காணி வழக்குகளைப் பார்க்கும் சட்டத்தரணி:

> உழைத்து வந்தது, மணக்காலத்தில் வந்தது

வணக்கம் ஐயா. இதற்கு எங்கள் தேசவழமையில் (யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டம்) சொல் இருக்கிறது: தேடியதேட்டம். ஒல்லாந்தர் காலத்தில், 1706–07இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிலேயே ஆதனம், அதாவது சொத்து, வந்த வழியைக் கொண்டுதான் பிரிக்கப்பட்டது. முன்னோர் வழி வந்தது முதுசம். பெண்ணுக்குக் கலியாணத்தின்போது எழுதிக் கொடுத்தது சீதனம். கணவனும் மனைவியும் கலியாணத்துக்குப் பிறகு தேடியது தேடியதேட்டம். இன்றும் நொத்தாரிசு (பத்திரம் எழுதும் சட்டத்தரணி) உறுதி, அதாவது பத்திரம், எழுதும்போது ‘முதுசவழி’, ‘சீதனவழி’ என்று கேட்டுத்தான் எழுதுவார்.

ஒரு எச்சரிக்கை. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தேடியதேட்டம் இருவருக்கும் சமமாக உரியது என்றது. ஆனால் ‘பெறுமதி கொடுத்து வாங்கியது’ என்று மட்டும் வரைவிலக்கணம் சொன்னதால், சீதனக் காசில் வாங்கிய காணியும் தேடியதேட்டம் ஆகிவிட்டது. பெண்ணின் சொந்தக் காசு, வடிவம் மாறியதும் பாதி கைவிட்டுப் போயிற்று. 1947இல் திருத்தினார்கள்: கொடுத்த பெறுமதி ஒருவரின் தனி ஆதனத்திலிருந்து வந்திருந்தால் வாங்கியது தேடியதேட்டம் அல்ல. தனி ஆதனத்திலிருந்து மணக்காலத்தில் வரும் வருமானம் மட்டும் விதிவிலக்கு, அது தேடியதேட்டம். அதே திருத்தம் ‘அந்தத் துணையின் தேடியதேட்டம்’ என்று, இருவருடையது என்னாமல், ஒருவரைச் சுட்டியும் எழுதிவிட்டது. எனவே இன்றைய சட்டத்தில் இந்தச் சொல்லின் பொருள் கலிஃபோர்னியாவோடு முற்றாகப் பொருந்தாது.

இன்னொன்று: எங்கள் சீதனம் பெண்ணின் தனி ஆதனம். தமிழ்நாட்டில் வாசிப்பவர்கள் அதை வரதட்சணை என்று எடுத்துக்கொள்வார்கள். பாடநூலில் அடிக்குறிப்பு வேண்டும்.

டொரன்டோ, குடும்பச் சட்டம்:

தேட்டம் என்ற வேர்ச்சொல்லை வரவேற்கிறேன். ஆனால் தேட்டம் என்னும் பொருள் வேறு, அதைப் பங்கிடும் முறை வேறு. ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் எங்கள் கனடிய மாகாணமான ஒன்டாரியோவை விளக்க முடியாது.

இங்கே 1986 சட்டப்படி மணவாழ்வில் சேர்த்தது அவரவர் பெயரில் அவரவருடையதாகவே இருக்கும். பிரியும்போது கணக்கு மட்டும் போடுவோம். மணநாளில் கணவனிடம் 50,000 டாலர், பிரிந்த நாளில் 5,50,000; வளர்ச்சி 5,00,000. மனைவியின் வளர்ச்சி 2,00,000. வித்தியாசம் 3,00,000, அதில் பாதி 1,50,000ஐ அவர் பணமாகக் கொடுக்க வேண்டும். மூன்றாம் ஆளிடமிருந்து கொடையாகவும் வாரிசுரிமையாகவும் வந்தவை விலக்கப்படும். குடியிருந்த வீட்டுக்கு மட்டும் விதி மாறும்: மணநாளிலேயே அவருடையதாக இருந்த வீட்டில் பிரியும்வரை குடும்பம் வாழ்ந்திருந்தால், அதன் மணநாள் மதிப்பைக் கழிக்க முடியாது. இது தெரியாமல் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய வீட்டைப் பத்திரமானது என்று நம்பியிருப்பவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர்.

பொருளியல் மாணவருக்கு வேறுபாடு எங்கே உறைக்கும் என்றால், கடனில். ஒன்டாரியோ மனைவிக்கு இருப்பது வீட்டில் பங்கு இல்லை, கணவன்மேல் ஒரு பண உரிமை. அவர் திவாலானால் இவரும் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். கனடா உச்ச நீதிமன்றம் 2011இல் ஷ்ரேயர் வழக்கில் இதே வகையான மானிடோபா மாகாண உரிமையைப் பற்றி இப்படித்தான் தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியா மனைவிக்குப் பாதி ஏற்கெனவே சொந்தம். ஆனால் கணவன் வாங்கிய கடனுக்கு அந்தத் தேட்டம் முழுவதையும் கடன் கொடுத்தவர் பிடிக்கலாம். எந்த முறை பெண்ணுக்கு நல்லது என்று ஒரே வரியில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் பரிந்துரை: முதலாவது (கலிஃபோர்னியா) உடனுரிமை முறை, இரண்டாவது (ஒன்டாரியோ) ஈடுசெய் முறை. 1958 முதல் ஜெர்மனியில் இருப்பதும் இரண்டாவது வகைதான்.

மதுரை, குடும்பநல வழக்கறிஞர்:

> ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால்

சரி. ஆனால் கோவாவை மறந்துவிட வேண்டாம். போர்ச்சுகீசிய சிவில் சட்டத்தின் தொடர்ச்சியாக அங்கே, மணத்துக்கு முன் வேறு ஒப்பந்தம் செய்யாவிட்டால், முன்பே இருந்ததும் பிறகு வாரிசுரிமையாக வந்ததும்கூட இருவருக்கும் பொது. அதைத் தேட்டம் என்று சொல்லவே முடியாது, தேடாததும் அதில் இருக்கிறது. ‘முழுப்பொதுமை’ என்று தனியாக வைக்கலாம்.

மற்ற இந்திய மாநிலங்களில் பத்திரத்தில் யார் பெயரோ அவருக்கே சொத்து. இருபது வருடம் வீட்டைப் பார்த்த மனைவி விவாகரத்தின்போது பங்கு கேட்கத் தனிச் சட்டம் இல்லை. ஜீவனாம்சம்தான் கேட்க முடியும். பங்கு என்பது சேர்த்துவைத்ததிலிருந்து வருவது. ஜீவனாம்சம் எதிரே இருப்பவரின் வருமானத்திலிருந்து வருவது, அதை மறைப்பது எளிது. உச்ச நீதிமன்றம் 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனு கொடுத்த தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்றும் சொன்னது இந்தச் சிக்கலுக்காகத்தான். ஆகவே ‘தேட்டப் பங்கு’, ‘ஜீவனாம்சம்’ இரண்டும் நூலில் எங்கும் கலக்கக் கூடாது. வரைவின் ஒரு பத்தியில் இரண்டுக்கும் ‘இழப்பீடு’ என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். அம்மா/ஐயா, அதைக் கட்டாயம் மாற்றுங்கள்.

சென்னை, பாடநூல் மொழிபெயர்ப்பு:

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னதை ஒரு கணக்கில் போட்டுப் பார்த்தோம். கலிஃபோர்னியாவில் ஒருவர் மணத்துக்கு முன் 2,00,000 டாலருக்குக் கடனில் வீடு வாங்குகிறார். மணவாழ்வில் சம்பளத்திலிருந்து அசலில் 40,000 அடைகிறது. அதே காலத்தில் வீட்டின் மதிப்பு 3,00,000 ஏறுகிறது. விலையில் அசல் அடைத்த பங்கு 20%. ஆகவே தேட்டம் = 40,000 + 3,00,000இல் 20% = 1,00,000; ஆளுக்கு 50,000. வட்டியும் வீட்டு வரியும் கணக்கில் வராது. மாணவர்கள் தவறுவது இங்கேதான். இந்த விளக்கத்தில் ‘சமூகச் சொத்து’ என்று போட்டால் வாக்கியம் நிற்கவில்லை. ‘இந்த வீட்டில் தேட்டம் 1,00,000’ என்றால் சட்டென நிற்கிறது.

அதனால் இப்படி வைக்கிறோம். பொதுச்சொல் மணத்தேட்டம்; சூழல் தெளிவானால் தேட்டம். தேடியதேட்டம் தேசவழமைக்கு மட்டும், 1947 திருத்தக் குறிப்போடு. மற்றவை தனிச்சொத்து, உடனுரிமை முறை, ஈடுசெய் முறை, முழுப்பொதுமை. மணக்காலக் கடனுக்குத் தேட்டக்கடன். இலங்கைப் பதிப்பில் சொத்து வரும் இடமெல்லாம் ஆதனம்.

யாழ்ப்பாணம்:

‘மணத்தேட்டம்’ என்றால் கலியாண வீட்டில் வந்த மொய்யும் அன்பளிப்பும் என்று சிலர் நினைக்கக்கூடும். ‘இல்லறத் தேட்டம்’ நல்லதல்லவா?

டொரன்டோ:

நல்ல திருத்தம், ஏற்கிறேன். ஒன்று பாக்கி: படிப்பு. கணவன் மருத்துவம் படிக்க மனைவி உழைத்துச் செலவழித்தால், அந்தப் பட்டம் தேட்டமா? நியூயார்க் நீதிமன்றம் 1985இல் ஓ’பிரையன் வழக்கில் ஆம் என்றது. 2015இல் அம்மாநிலச் சட்டமே அதை மாற்றியது. கலிஃபோர்னியா பட்டத்தைப் பங்கிடாமல், படிப்புச் செலவை மட்டும் திருப்பித் தரச் சொல்கிறது. ‘தேட்டம்’ இங்கே பொருந்தாது, ‘செலவுமீட்பு’ என்று வேறு சொல் தேவை. அடுத்த வாரம் இதற்குத் தனி இழை தொடங்குங்கள்.