பின் சக்கரத்தில் கீச் சத்தம் – ‘நம்ம சொந்தங்கள்’ வாட்ஸ்அப் குழுவில்

சனிக்கிழமை காலை

நான்: சித்தப்பா, எழுந்துவிட்டீர்களா? காரில் இடது பின் சக்கரத்தில் கீச் கீச்சென்று ஒரு சத்தம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வரும்போது நன்றாகக் கேட்கிறது, பிரேக்கை லேசாக மிதித்தால் நின்றுவிடுகிறது.

நான்: ஒரு மெக்கானிக் கடையில் கேட்டேன். பேட், டிஸ்க், கேலிப்பர் எல்லாமே போயிருக்கும், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். சக்கரத்தைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை.

ராயபுரம் சித்தப்பா: எழுந்து காபியும் குடித்தாயிற்று. சக்கரத்தோடு சுற்றுகிற தட்டுதான் டிஸ்க், அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பது பேட், பேடைத் தாங்கி அழுத்துகிற கவ்வி கேலிப்பர். மிதித்தால் நிற்கிற கீச் சத்தம் என்றால் அநேகமாக பேட் தேய்ந்துவிட்டது. பேடின் ஓரத்தில் சின்னதாக ஒரு இரும்பு நாக்கு இருக்கும், பேட் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். கத்துவதற்காகவே வைத்தது. மிதிக்கும்போது கரகரவென்று அரைத்தால்தான் பயப்பட வேண்டும், அது இரும்போடு இரும்பு.

நான்: அரைக்கவில்லை. பேட் நேற்றே ஜி.பி. ரோட்டில் வாங்கிவிட்டேன். நானே மாற்றலாம் என்று பார்க்கிறேன்.

திருவொற்றியூர் அத்தை: நீ எதுக்குடி இந்த வேலை எல்லாம். பிரேக் விஷயம். ஆம்பளைப் பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

தம்பி: அத்தை, ஆம்பளைப் பிள்ளைக்கு ஸ்டெப்னி மாட்டவே தெரியாது. என்னைத்தான் சொல்கிறேன்.

தம்பி: ஆமாம் சித்தப்பா, என் வண்டியில் பின்னால் பேடே கிடையாதே?

ராயபுரம் சித்தப்பா: உன்னுடையதில் பின்னால் டிரம்மடா, உள்ளே பேடுக்குப் பதில் ஷூ. நம் ஊர்ச் சின்னக் கார்கள் முக்கால்வாசி அப்படித்தான், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அக்காவுடைய ஹோண்டா சிவிக்கில் நாலும் டிஸ்க். அவள் செய்வதைப் பார்த்துவிட்டு நீ போய் உன் டிரம்மைத் திறக்காதே, அதில் ஸ்பிரிங் தெறித்தால் கண்ணில்தான் விழும்.

திருவொற்றியூர் அத்தை: சனிக்கிழமை இரும்புச் சாமான் வாங்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது?

நான்: வாங்கியது வெள்ளிக்கிழமை அத்தை. மாட்டுவதுதான் சனிக்கிழமை.

திருவொற்றியூர் அத்தை: அப்போ சரி.

ராயபுரம் சித்தப்பா: ஜி.பி. ரோடு நல்லது. புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, லைட் வாங்கலாம், பிரேக் சாமான் மட்டும் பழசு வேண்டவே வேண்டாம். சரி, ஜாக்கி என்ன வைத்திருக்கிறாய்?

நான்: வண்டியோடு வந்ததுதான். அது இறங்கிவிட்டால் தாங்குவதற்கு ஹாலோ பிளாக் நாலு இருக்கிறது, பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள்.

ராயபுரம் சித்தப்பா: கூடவே கூடாது. ஹாலோ பிளாக் விரிசலெல்லாம் காட்டாது, நிற்கும் நிற்கும், திடீரென்று நொறுங்கிவிடும். அந்த ஜாக்கியும் ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். என்னிடம் ஆக்சில் ஸ்டாண்டு ஒரு ஜோடி இருக்கிறது, தம்பியை அனுப்பு. வண்டியைத் தெருவில் சமமான சிமெண்ட் தரையில் நிறுத்து, மண்ணில் வேண்டாம். ஹேண்ட் பிரேக் போடாதே, போட்டால் பின் கேலிப்பர் கழன்று வராது. அதற்குப் பதிலாக முதல் கியரில் விட்டு முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடு. சிவிக்கில் இன்ஜின் இழுப்பது முன் சக்கரத்தை, அதனால் கியர் பிடித்துக்கொள்ளும். வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே கால் சுற்று லூஸ் பண்ணிவிட்டு அப்புறம் தூக்கு. தூக்கியபின் நட்டோடு மல்லுக்கட்டினால் வண்டி ஸ்டாண்டிலிருந்து சரியும்.

தம்பி: கிளம்பிவிட்டேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்தால் மதியம் வருவேன்.

காலை 10 மணிக்கு மேல்

நான்: (படம்) சக்கரம் கழற்றியாயிற்று. கேலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கப் பார்த்தேன், வரவில்லை. இரண்டு போல்ட்டையும் கழற்றித்தான் எடுத்தேன்.

ராயபுரம் சித்தப்பா: எடுத்ததைத் தொங்க விடாதே. பிரேக் ஹோஸ் ரப்பர், அதன் எடையில் உள்ளே கிழியும், வெளியே தெரியாது. கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டு. வலது பக்கத்தை இப்போது தொடாதே, எது எங்கே இருந்தது என்று குழம்பினால் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

நான்: (படம்) கட்டிவிட்டேன். சித்தப்பா, ஒன்று பாருங்கள். வெளிப் பேடில் பாதிக்குமேல் மீதி இருக்கிறது. உள் பேட் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. ஒரே சக்கரம், ஒரே வயசு, எப்படி?

ராயபுரம் சித்தப்பா: இப்போதுதான் விஷயத்துக்கு வந்திருக்கிறாய். கேலிப்பர் மாட்டும் பிராக்கெட்டில் மேலே ஒன்று கீழே ஒன்று என்று கம்பி மாதிரி இரண்டு ‘பின்’ இருக்கும், ரப்பர் உறை போட்டு. அதை விரலால் உள்ளே வெளியே இழுத்துப் பார்.

நான்: மேலே இருப்பது வழுக்கிக்கொண்டு வருகிறது. கீழே இருப்பது அசையவே இல்லை. ரப்பர் உறை மடிப்பில் கிழிந்து, உள்ளே செங்கல் கலரில் பசை மாதிரி ஏதோ அப்பியிருக்கிறது.

ராயபுரம் சித்தப்பா: துருவும் பழைய கிரீஸும் கலந்தது அது. நன்றாகக் கேட்டுக்கொள். இந்தக் கேலிப்பரில் பிஸ்டன் ஒன்றே ஒன்றுதான், அதுவும் உள் பக்கம். நீ மிதித்ததும் பிஸ்டன் உள் பேடை டிஸ்க்கில் அழுத்தும், அந்த எதிர் விசையில் கேலிப்பர் மொத்தமும் இந்த இரண்டு பின் மேல் வழுக்கிக்கொண்டு பின்னால் வந்து வெளிப் பேடையும் இழுத்து அழுத்தும். அந்தப் பின் இறுகிப்போனால் கேலிப்பர் நகராது, பாரமெல்லாம் உள் பேட் மேல். காலை எடுத்தாலும் முழுசாக விலகாமல் உரசிக்கொண்டே ஓடும். அதனால்தான் அது போய்விட்டது. நீ புதுப் பேடை மட்டும் போட்டு மூடியிருந்தால் கொஞ்ச நாளில் மறுபடி இதே கதி. கடைக்காரரிடம் கேலிப்பரே போயிற்று என்று காசு கொடுத்திருப்பாய், நிஜத்தில் வேண்டியது ஒரு ரப்பர் உறையும் கொஞ்சம் கிரீஸும்.

மாதவரம் அண்ணன்: அது ஏன் துருப்பிடிக்கிறது? வண்டி அப்படி ஒன்றும் ஓடவில்லையே.

ராயபுரம் சித்தப்பா: ஓடாததுதான் காரணம். நாம் இருப்பது கடலோரம், காசிமேட்டுக் காற்றில் ஜன்னல் கம்பியே உதிர்கிறது. போதாதற்கு 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இந்த வண்டி அச்சு முழுகத் தண்ணீரில் நின்றது. அதற்கப்புறம் யாரும் அந்தப் பின்னைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான்: இல்லை. சர்வீஸ் பில்லில் ‘பிரேக் கிளீனிங்’ என்று மட்டும் போட்டிருக்கிறது.

அம்மா: வாசலெல்லாம் கருப்புப் பொடி. விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கப் போகிறேன்.

ராயபுரம் சித்தப்பா: அண்ணி, பெருக்காதீர்கள், ஊதவும் வேண்டாம். அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது, பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூட இருக்கும். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்துத் துணியைக் கட்டிப் போடுங்கள். கோவிட் மாஸ்க் மீதி இருந்தால் பிள்ளை போட்டுக்கொள்ளட்டும்.

நான்: கீழ்ப் பின் வந்துவிட்டது! துரு கரைக்கிற ஸ்பிரே அடித்து, ஊறவிட்டு, ஸ்பேனர் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி எடுத்தேன். உப்புத்தாளில் தேய்த்ததும் பளிச்சென்று இருக்கிறது, குழி விழவில்லை.

ராயபுரம் சித்தப்பா: குழி இல்லை என்றால் பிழைத்தாய். அந்த ஸ்பிரேயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு சிலிகான் கிரீஸ் தடவு. வீல் பேரிங்குக்குப் போடுகிற சாதா கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிப்போய்ப் பின் மறுபடி மாட்டிக்கொள்ளும். ரப்பர் உறைக்குத் தம்பியை மூலக்கடைக்கு அனுப்பு, கிட் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

திருவொற்றியூர் அத்தை: இன்றைக்கு சனிக்கிழமை.

தம்பி: ரப்பர்தான் அத்தை.

மதியம்

தம்பி: (காணொளி) அக்கா, பிஸ்டனை உள்ளே தள்ள இவர் சி-கிளாம்ப் வைத்து இறுக்குகிறார். ரொம்ப சுலபம்.

ராயபுரம் சித்தப்பா: நிறுத்து நிறுத்து. அது முன் சக்கரம். பின் கேலிப்பரில் ஹேண்ட் பிரேக் கேபிளும் வந்து சேர்கிறது, அதனால் பிஸ்டனுக்குள் மரை ஓடுகிறது. கிளாம்ப் வைத்து நசுக்கினால் உள்ளே இருக்கும் மரை போய்விடும், அப்புறம் நிஜமாகவே கேலிப்பர் வாங்க வேண்டியதுதான். பிஸ்டன் முகத்தில் கூட்டல் குறி மாதிரி பள்ளம் இருக்கிறதா? அதில் பிஸ்டன் திருப்புகிற டூலைப் பொருத்தி, அழுத்திக்கொண்டே கடிகாரம் சுற்றுகிற பக்கமாகத் திருப்பு. மெதுவாக உள்ளே போகும். அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் கூடவே முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்.

ராயபுரம் சித்தப்பா: அதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பா மூடியைக் கழற்று. பிஸ்டன் உள்ளே போகப் போக ஆயில் மேலே ஏறும், நிரம்பி வழிந்தால் பெயின்ட் உரிந்துவிடும். ஏறினால் ஊசி இல்லாத சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சு.

மாதவரம் அண்ணன்: என் புது வண்டியில் ஹேண்ட் பிரேக் ஒரு சுவிட்ச்தான். அதற்கும் இதே மாதிரி திருப்பலாமா?

ராயபுரம் சித்தப்பா: நீ கிட்டவே போகாதே. அதில் கேலிப்பரிலேயே மோட்டார் இருக்கிறது. ஸ்கேனர் போட்டோ, அந்தக் கம்பெனி புத்தகத்தில் சொன்னபடியோ முதலில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்து மோட்டாரைப் பின்வாங்க வைக்க வேண்டும். செய்யாமல் பிஸ்டனை அழுத்தினால் மோட்டார் பல் போய்விடும்.

நான்: பிஸ்டன் உள்ளே போய்விட்டது. புதுப் பேட் வைத்துவிட்டேன், ஆனால் கேலிப்பர் உட்கார மறுக்கிறது. போல்ட் துளை ஒரு நூல் தள்ளி நிற்கிறது.

ராயபுரம் சித்தப்பா: உள் பேடின் முதுகில் சின்னக் குமிழ் ஒன்று இருக்கும். பிஸ்டன் பள்ளத்துக்குள் அது போய் உட்கார வேண்டும். பிஸ்டனைக் கொஞ்சம் திருப்பிப் பள்ளத்தை நேராகக் கொண்டுவா. அந்தக் கத்துகிற நாக்கு இருக்கும் பேட்தான் உள் பக்கம், மாற்றி வைத்துவிடாதே.

நான்: உட்கார்ந்துவிட்டது!! 

நான்: டிஸ்க் மாற்ற வேண்டுமா?

ராயபுரம் சித்தப்பா: டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும், துருவைத் துடைத்துப் பார். கனம் அளக்கிற வெர்னியர் அளவுகோல் வைத்து நாலு இடத்தில் அள. ஓரத்தில் விளிம்பு எழும்பியிருக்கும், அதில் வைக்காதே, பேட் உரசுகிற இடத்தில் வை. அந்த எண்ணுக்குக் கீழே போகவில்லை, ஆழமான கோடும் இல்லை என்றால் அப்படியே ஓட்டலாம்.

நான்: எண்ணுக்கு மேலேதான் இருக்கிறது. அப்போ இடது முடிந்தது. வலதில் பேட் இன்னும் பாதி இருக்கிறது, அதை விட்டுவிடலாமா?

ராயபுரம் சித்தப்பா: கூடாது. ஒரு அச்சுக்கு இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிடி ஒரே மாதிரி இருக்காது, மழையில் அவசரமாக மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அந்தப் பக்கப் பின்னையும் கழற்றி கிரீஸ் போடு.

அம்மா: எல்லாரும் சாப்பிட வாருங்கள். வஞ்சிரம் வறுத்து ஆறுகிறது. கையை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுத் திரும்பவும் சோப்பில் கழுவு.

மாலை

நான்: இரண்டு பக்கமும் முடிந்தது. சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, நட்டைக் குறுக்கும் நெடுக்குமாக டைட் பண்ணினேன். இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச்சை 108 நியூட்டன் மீட்டரில் வைத்தேன், புத்தகத்தில் அதுதான் போட்டிருந்தது. ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா?

ராயபுரம் சித்தப்பா: ஸ்டார்ட் பண்ணாதே! முதலில் உட்கார்ந்து பிரேக்கை மிதி.

நான்: ஐயோ, தரை வரைக்கும் போகிறது.

ராயபுரம் சித்தப்பா: போகத்தான் செய்யும், பிஸ்டனைப் பின்னால் தள்ளிவிட்டோமே, அது பேடைத் தொடுகிற வரை பிடி இருக்காது. மெதுவாக மிதித்து மிதித்து விடு, கல் மாதிரி நிற்கும் வரை. வீட்டில் பேட் மாற்றி இடித்துக்கொண்டவர்கள் எல்லாம் இதை மறந்துவிட்டு ரிவர்ஸ் எடுத்தவர்கள்தான். எண்ணூர் அசோக் லேலண்ட் கம்பெனியில் இருந்தபோது நான் பார்த்தது லாரி ஏர் பிரேக், அதிலும் காற்று ஏறாமல் நகர்த்த விடமாட்டோம்.

நான்: நின்றுவிட்டது. ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கும் பழைய இடத்திலேயே பிடிக்கிறது.

ராயபுரம் சித்தப்பா: நல்லது. இன்றைக்குத் தெருவுக்குள்ளேயே போய் வா. நாளை விடியற்காலை மாதவரம் 200 அடி சாலை காலியாக இருக்கும்போது, 50 கிலோமீட்டரிலிருந்து 10க்கு வரும்படி ஓரளவு அழுத்தி மிதி, முழுசாக நிறுத்தாதே. கொஞ்ச தூரம் காற்றாட ஓடவிட்டு மறுபடி. இப்படிச் சில தடவை செய்தால் பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகும். முடிந்ததும் சூட்டோடு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதே.

திருவொற்றியூர் அத்தை: எல்லாம் வீட்டிலேயே செய்யலாம் என்றால் மெக்கானிக் எதற்கு?

ராயபுரம் சித்தப்பா: பேட் வரைக்கும்தான் வீடு, அக்கா. ஆயில் கசிந்தாலோ, ஹோஸ் வெடித்திருந்தாலோ, மிதி பஞ்சு மாதிரி அமுங்கினாலோ நான் என் வண்டியையே மெக்கானிக்கிடம்தான் விடுவேன். ஆனால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல் விலை சொல்கிறவரிடம் விடமாட்டேன்.

ஞாயிறு காலை

நான்: போய்விட்டு வந்தேன். சத்தம் இல்லை, வண்டி நேராக நிற்கிறது. நிறுத்தியதும் இரண்டு பின் சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், சூடு ஒரே மாதிரி.

ராயபுரம் சித்தப்பா: அப்போ கேலிப்பர் பின் நன்றாக வழுக்குகிறது. வாரக் கடைசியில் வீல் நட்டை இன்னொரு முறை டார்க் வைத்துப் பார்த்துவிடு. ஆயில் மாற்றி எவ்வளவு நாள் ஆயிற்று?

நான்: வாங்கியதிலிருந்து மாற்றின மாதிரி தெரியவில்லை.

ராயபுரம் சித்தப்பா: பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். அது மெக்கானிக் வேலை, நம்மாள் ஒருவரிடம் சொல்கிறேன்.

தம்பி: சித்தப்பா ஃபீஸ் என்ன?

ராயபுரம் சித்தப்பா: பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா நூடுல்ஸ் அத்தோ, முட்டை போட்டு. ஸ்டாண்டையும் மறக்காமல் கொண்டுவா.