திருச்சி டு ராஜபாளையம்: மதுரைக்குள் நுழையாமல் ரிங் ரோடு வழி

மலைக்கோட்டை:
வணக்கம். வருகிற ஞாயிறு திருச்சியிலிருந்து ராஜபாளையத்துக்குக் காரில் கிளம்புகிறோம். அப்பா அம்மாவும் வருகிறார்கள். மாட்டுத்தாவணி, கோரிப்பாளையம் நெரிசலில் மாட்டாமல் ரிங் ரோடு பிடித்துத் திருமங்கலம் சேர வேண்டும். எங்கெங்கே கவனமாகத் திரும்பணும்? ஃபாஸ்டேகில் 3,000 ரூபாய் வருடாந்திர பாஸ் போட்டிருக்கிறேன், எல்லா டோலுக்கும் அதுவே போதுமா? இருட்டிவிட்டால் அந்த ரோட்டில் போகலாமா?

ஆனைமலை அடிவாரம்:
தாராளமா போகலாம் சார். உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை ஏறத்தாழ 27 கிலோமீட்டர்.

மேலூர் தாண்டி வலப்பக்கம் யானைமலை தெரிய ஆரம்பித்தால் ஒத்தக்கடை வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கேயே இடது லேனுக்கு வந்துவிடுங்கள். உத்தங்குடியில் இடது பக்கம் திரும்புவதுதான் ரிங் ரோடு. வெளியூர் வண்டிகள் அதிகம் தவறவிடுவது இந்தத் திருப்பத்தைத்தான். வலது லேனில் பஸ்ஸுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தால் கடைசி நேரத்தில் வெட்டித் திரும்ப முடியாது, நேரே மாட்டுத்தாவணியில் கொண்டுபோய் விட்டுவிடும்.

அடுத்து பாண்டிகோயில். நேராகப் போகிறவர்கள் மேம்பாலத்திலேயே ஏறிவிடணும். கீழே இறங்கினால் சிவகங்கை ரோட்டு வண்டியும் கோயில் வண்டியும் சேர்ந்து நகர விடாது. நீங்கள் வருவது ஞாயிறு. கிடா வெட்டுக்கு வருகிற வேன்கள் ஓரமாக நிற்கும், அண்டா குண்டாவோடு ஜனங்கள் ரோட்டைக் கடப்பார்கள். பாலம் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் வேகத்தைக் குறையுங்கள்.

வைகைப் பாலம் தாண்டியதும் விரகனூர் ரவுண்டானா. இங்கே ராமேஸ்வரம் ரோடு குறுக்கே போகிறது. உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிற வண்டிக்கு வழிவிட்டு நேராக எடுங்கள். பிறகு சிந்தாமணி, அதற்கப்புறம் மண்டேலா நகர் சந்திப்பு. அருப்புக்கோட்டை, தூத்துக்குடி போர்டைப் பார்த்து இடது பக்கம் திரும்பிவிடாதீர்கள். நேரே போனால் கப்பலூர். அங்கே நாலு வழிச்சாலையில் இடது பக்கம் சேர்ந்தால் திருமங்கலம். ராஜபாளையத்துக்கு அங்கிருந்து கொல்லம் ரோடு: டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர்.

டோல்கேட் கணக்கு:
பாஸ் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். அந்தப் பாஸ் தேசிய நெடுஞ்சாலை டோல்களுக்கு மட்டும்தான். ஒரு வருடம் அல்லது 200 பயணம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. உங்கள் வழியில் மேலூர்ப் பக்கம் சிட்டம்பட்டி, திருமங்கலத்துக்கு முன்னால் கப்பலூர் இரண்டிலும் செல்லும்.

ரிங் ரோட்டில் இருக்கிற மஸ்தான்பட்டி, சிந்தாமணி டோல்கள் மாநில அரசின் கீழ் வருபவை. அங்கே பாஸ் கணக்கில் வராது, டேக் வாலட்டில் இருக்கிற பணத்திலிருந்துதான் எடுக்கும். பாஸ் வாங்கிய தைரியத்தில் வாலட்டைக் காலியாக விட்டால் கேட்டில் சிவப்பு விளக்கு எரியும், பின்னால் நிற்கிற லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டார். முந்தின நாள் ராத்திரியே 300 ரூபாயாவது ஏற்றி வையுங்கள். கிளம்பிய பிறகு ஏற்றினால் சில சமயம் டேகில் ஏற நேரம் எடுக்கும்.

தேசிய நெடுஞ்சாலை டோலில் டேக் வேலை செய்யாமல் யூபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு கட்டணம். அது 2025 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது.

விரகனூர் பாலம்:
ராத்திரி போகலாம், ஆனால் 60க்கு மேல் வேண்டாம். ஆபத்து இரண்டு. ஒன்று, இடது ஓரத்தில் பிரேக்டவுன் ஆகி நிற்கிற லாரி. பின்னால் ஒட்டியிருக்கிற ரிஃப்ளெக்டர் பட்டையில் மண் அப்பியிருக்கும், டெய்ல் லைட்டும் இருக்காது. மரக்கிளையை ஒடித்து ரோட்டில் போட்டிருந்தால் அதுதான் எச்சரிக்கை. கிளை கண்ணில் பட்டதுமே கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு வலது லேனுக்கு வந்துவிடுங்கள். இன்னொன்று, மீடியன் இடைவெளி தூரமாக இருக்கிறதென்று எதிர்த்திசையில் ஓரமாக வருகிற டூவீலர். எதிர்ச்சாரி லாரியின் ஹைபீமில் ஒற்றை விளக்கு கண்ணுக்கே தெரியாது. அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு போகிறீர்கள், மதுரையை வெளிச்சத்திலேயே தாண்டிவிடுவது நல்லது.

மலைக்கோட்டை:
ரொம்ப நன்றி. திரும்பி வரும்போது தேனி வழியாக வந்தால்?

ஆனைமலை அடிவாரம்:
தேனியிலிருந்து உசிலம்பட்டி, செக்கானூரணி வழியாக நாகமலை புதுக்கோட்டை வாங்க. அங்கே நாலு வழிச்சாலை குறுக்கே போகும். நேரே விட்டால் காளவாசல், ஊருக்குள் மாட்டிக்கொள்வீர்கள். வலது பக்கம், அதாவது திருமங்கலம் திசையில் சேர்ந்து, கப்பலூரில் டோலுக்கு முன்பே இடது பக்கம் ரிங் ரோடு பிடிக்கணும். அந்தத் திருப்பத்தை விட்டுவிட்டால் டோலைத் தாண்டித்தான் திரும்ப வேண்டியிருக்கும், பாஸில் இரண்டு பயணம் வீணாகக் கழியும்.

சித்திரைத் திருவிழா சமயம் என்றால் தேதி பார்த்து வாங்க. அழகர் வண்டியூரில் இருக்கிற நாளில் பாண்டிகோயிலிலிருந்து விரகனூர் வரை வண்டி நகராது.

டோல்கேட் கணக்கு:
தைப் பொங்கல் அன்றும் மண்டேலா நகர் பக்கம் அதே கதைதான். அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்குக் காளை ஏற்றிய வண்டிகள் விடியும் முன்பே வரிசை கட்டிவிடும்.