ஸ்காபா ஃப்ளோவில் முதன்முறை டைவிங்: தடித்த ஈர உடை போதுமா?

கேள்வி:
இதுவரை வெதுவெதுப்பான கடல்களில் மட்டுமே, 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஈர உடையுடன் (உள்ளே நீர் புகும் ரப்பர் உடை), அறுபது முறைக்கு மேல் ஸ்கூபா டைவிங் செய்திருக்கிறேன். 30 மீட்டர் வரை இறங்கியதுண்டு. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளுக்கு நடுவே உள்ள ஸ்காபா ஃப்ளோவில், 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியர்கள் தாங்களே மூழ்கடித்த போர்க்கப்பல்களைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. செப்டம்பரில் நீர் 13 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் என்பதால், 7 மில்லிமீட்டர் ஈர உடையே போதும் என்று எண்ணுகிறேன். சரிதானா? முதல் நாளே அவற்றில் ஒன்றான மார்க்கிராஃபில் இறங்கலாமா?

முதல் பதில்:
போதாது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்தும்; அதோடு, ஈர உடையிலுள்ள வாயுக்குமிழ்கள் அழுத்தத்தில் நசுங்கிவிடுவதால், படகில் இருந்தபோது உடைக்கு இருந்த தடிப்பு 35 மீட்டரில் இருக்காது. நீர் உள்ளே புகாத உலர் உடையே வேண்டும். ஆனால் அதை வாடகைக்கு எடுத்து முதன்முறையாக அங்கேயே அணிவது ஆபத்து. இறங்கும்போது உள்ளே காற்றைச் சேர்ப்பதும், ஏறும்போது வெளியேற்றுவதும், கால்பக்கம் காற்று சேர்ந்து தலைகீழாகிவிட்டால் சமாளிப்பதும் ஆழம் குறைந்த நீரில் பலமுறை செய்து பழக வேண்டியவை. ஈய எடையும் கூடுதலாகத் தேவைப்படும். அடியில் கதகதப்பாக இருந்து, மேலேறும் வழியில், உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்கான நிறுத்தங்களில் காத்திருக்கும்போது குளிர்ந்துபோவதுதான் மிகவும் மோசமான வரிசை, ஏனெனில் தோலிலும் தசையிலும் இரத்த ஓட்டம் குறைந்து, நைட்ரஜன் வெளியேறுவது மந்தமாகிவிடும்.

இரண்டாவது பதில்:
மார்க்கிராஃப் ஆசையைச் சற்றுத் தள்ளிவையுங்கள். அன்று மூழ்கிய 52 கப்பல்களில் பெரும்பாலானவை பின்னர் மீட்கப்பட்டுவிட்டன. கப்பல் மீட்பாளர் எர்னஸ்ட் காக்ஸ் 1920களில் தொடங்கிய வேலை அது. பெரிய கப்பல்களில் எஞ்சியவை கோனிக், கிரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம், மார்க்கிராஃப் என்ற மூன்று போர்க்கப்பல்களும் அவற்றைவிடச் சிறிய நான்கு இலகு குரூசர்களும்தான். போர்க்கப்பல்கள் மூன்றும் கவிழ்ந்து கிடக்கின்றன. மார்க்கிராஃப் கிடக்கும் கடலடி சுமார் 45 மீட்டரில் இருப்பதால், மேலே நின்று பார்ப்பவருக்குக் கவிழ்ந்த ஓர் இரும்பு மலையே தெரியும். பீரங்கிகளைப் பார்க்க அதன் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். கோல்ன், ப்ரும்மர் போன்ற குரூசர்கள் பக்கவாட்டில் சாய்ந்து, சுமார் 36 மீட்டரில் கிடப்பதால், கப்பலின் வடிவம் கண்ணுக்குப் பிடிபடும். 30 சதவீத ஆக்ஸிஜன் கொண்ட நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூட்டப்பட்ட சுவாச வாயு), ஆக்ஸிஜன் அழுத்தத்துக்கான 1.4 பார் வரம்பில் அந்த ஆழத்துக்குச் சரியாகப் பொருந்தும். 32 சதவீதம் 33 மீட்டரோடு நின்றுவிடும். உள்ளே நுழையாமல் வெளியில் சுற்றினாலே ஒரு டைவ் போதாது.

மூன்றாவது பதில்:
சிலிண்டர் வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சிலிண்டரின் உயர் அழுத்த வாயு, ரெகுலேட்டரின் முதல் நிலையில் (சிலிண்டரோடு இணையும் பகுதி) விரிவடையும்போது கடுமையாகக் குளிர்வதால், நீரின் வெப்பநிலை உறைநிலைக்கு மேல் இருந்தாலும் உள்ளே பனி படிந்து, காற்று நிற்காமல் பீறிட்டுவிடக்கூடும். அதனால் குளிர்நீருக்கென, நீர் புகாதபடி மூடிய முதல் நிலை கொண்டதையே எடுத்துச் செல்லுங்கள். உலர் உடைக்குக் காற்று சேர்க்கும் அதே நொடியில் ஆழமாக மூச்சிழுக்காதீர்கள். இரட்டைச் சிலிண்டரும் தனித்தனி வால்வுகளும் இருந்தால், பீறிடும் பக்கத்தை மூடிவிட்டு மறுபக்கத்தில் சுவாசித்தபடியே மேலேறலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. உலர் உடைப் பயிற்சியை முடித்துவிட்டு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கிறேன், முதலில் கோல்ன்தான். அங்கே மூழ்கிக் கிடக்கும் ராயல் ஓக் கப்பலிலும் இறங்க முடியுமா?

இரண்டாவது பதிலை எழுதியவர்:
முடியாது. 1939 அக்டோபர் 14 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியதில் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்தப் பிரித்தானியக் கப்பல், போர்க் கல்லறையாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்குக்கு அங்கே அனுமதி இல்லை. ஜெர்மன் கப்பல்களும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களே. அவற்றைப் பார்க்கலாம், ஆனால் ஓர் ஆணியைக்கூட எடுத்துவரக் கூடாது.