பானட்டுக்கு கேஸ் டேம்பர்: கேமரன் மலை ரிங்லெட் லேன்ட்ரோவர் குழு

சேகர்: அண்ணே, தோட்டத்து டிஃபெண்டர் பானட் (இன்ஜின் மூடி) மேல ஸ்பேர் டயர் உக்காந்திருக்கு. தூக்க ரெண்டு கை போதல. தூக்கிப் பிடிக்க கேஸ் டேம்பர் (காத்து அடைச்ச தாங்கு குழாய்) போடணும்னா எத்தனை நியூட்டன் (தள்ளுற விசை) வாங்கணும்?

மணியம் அண்ணன்: கடைக்குப் போறதுக்கு முன்னாடி லக்கேஜ் தராசு ஒண்ணு எடு தம்பி. லாக்கை விடுவிச்சு, பானட் முன் விளிம்பு நடுவுல மாட்டி ரெண்டு விரல் அளவு தூக்கு. அந்த எடையையும், ஹிஞ்ச்ல (பின்னாடி கீல்) இருந்து முன் விளிம்பு வரைக்கும் உள்ள நீளத்தையும் சொல்லு. பானட்டைக் கழட்ட வேண்டாம்.

சேகர்: 22 கிலோ. 1.1 மீட்டர்.

மணியம் அண்ணன்: கிலோவை நியூட்டனாக்க 9.81ஆல பெருக்கணும். 22 × 9.81 × 1.1, சுமார் 237 நியூட்டன் மீட்டர். மூடியிருக்கும்போது உள்ள பாரம் அது. 55 டிகிரி திறந்தா அதோட கொசைன் 0.57ஆல பெருக்கணும், 136 வரும். அந்த நிலையில ஹிஞ்ச்சுக்கும் டேம்பர் கோட்டுக்கும் நடுவுல செங்குத்தா 25 செ.மீ. வர்ற மாதிரி பிராக்கெட் வை. 136 ÷ (2 × 0.25) = 272. பத்து சதவீதம் கூட்டினா 300 நியூட்டன். பக்கத்துக்கு ஒண்ணு.

குணா: 500 போட்டா இன்னும் லேசா வருமே லா?

மணியம் அண்ணன்: வராது. தகடு அலுமினியம், நடுவுல வளையும். ஹிஞ்ச் ஆட்டம் காணும். ஸ்பேர் உயரமா இருக்கிறதால திறக்கத் திறக்க பாரம் பின்னாடி சாயும், உண்மையில கணக்கை விடக் கம்மியாதான் வேணும். 500 போட்டா கண்ணாடிச் சட்டத்துல போய் முட்டும்.

சேகர்: 300 போட்டா ஒத்தக் கையில தூக்கலாமா?

மணியம் அண்ணன்: ஆரம்பத்துல ஏமாத்தும். மூடியிருக்கும்போது டேம்பர் கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கும், ஹிஞ்ச்ல இருந்து அதோட செங்குத்துத் தூரம் 8 செ.மீ.தான். 22 கிலோ சுமார் 16 ஆகும், அவ்வளவுதான். ஒரு ஜாண் தூக்கின பிறகுதான் பிடிச்சு இழுக்கும். ஆரம்பமும் லேசாகணும்னா நியூட்டனைக் கூட்டாத, கீழ் பிராக்கெட்டை இன்னும் கீழ இறக்கு. ஆனா அப்படி இறக்கினா ஸ்ட்ரோக் (கம்பி உள்ள போய் வர்ற தூரம்) நீளம் கூடும், பார்த்துக்கோ.

குணா: நீளம் எப்படி எடுக்கிறது?

மணியம் அண்ணன்: டேம்பர் முனை மாட்டுற ரெண்டு பால் ஸ்டட்டுக்கும் (உருண்டைத் தலை போல்ட்) நடுவுல மூடினப்போ, திறந்தப்போன்னு ரெண்டு அளவு எடு. இந்த வண்டிக்கு நீண்டு நிக்கிறப்போ 500 மி.மீ. நீளம், 200 மி.மீ. ஸ்ட்ரோக் சரியா இருக்கும். முழுசா திறந்தா டேம்பர் முழுசா நீண்டு நிக்கணும். மூடினா உள்ள குறைஞ்சது 10 மி.மீ. மிச்சம் இருக்கணும். இல்லன்னா பானட்டை அடிச்சு மூடுறப்போ அடி முழுக்க பிராக்கெட்டுக்குத்தான் போகும், சீக்கிரமே பிச்சுக்கும்.

குணா: பிராக்கெட் நான் பார்த்துக்கிறேன். விங்கும் (சக்கரத்து மேல உள்ள பக்கத் தகடு) அலுமினியம், நேரா ஸ்க்ரூ போட்டா ஆடிப் போயிடும். பின்னாடி 3 மி.மீ. இரும்புத் தகடு வச்சு எம்8 (8 மி.மீ.) போல்ட் ரெண்டு போடணும். நடுவுல நைலான் வாஷரோ ரப்பரோ வை, கேமரன் மலை ஈரத்துக்கு இரும்பு தொட்ட இடத்துல அலுமினியம் வெள்ளைப் பொடியா அரிக்கும். மேல பானட் சட்டத்துல பிடி, வெளித் தகட்டுல இல்ல. வெல்டிங் எல்லாம் டேம்பரை மாட்டுறதுக்கு முன்னாடி முடிச்சிடு. பொறி பட்டு ராடுல (டேம்பருக்குள்ள போய் வர்ற கம்பி) ஒரு புள்ளி விழுந்தாலும் சீல் கிழியும்.

தேவி அக்கா: ராடு எந்தப் பக்கம் பா?

மணியம் அண்ணன்: கீழ் பக்கம், விங் ஓரம். உள்ள நைட்ரஜனோட கொஞ்சம் எண்ணெய் இருக்கும், அது சீல்கிட்ட நிக்கணும். தலைகீழா மாட்டினா சீல் காஞ்சு காத்து போயிடும்.

சேகர்: காலையில குளிருல தொய்ஞ்சு போயிடுமா?

மணியம் அண்ணன்: டேம்பர் மேல எழுதியிருக்கிற நியூட்டன் எண் 20 டிகிரிக்கு. விடியற்காலை 15ல 2 சதவீதம்தான் குறையும். இன்ஜின் சூட்டுல 60 ஆனா 14 சதவீதம் கூடும். அதனால விடியக்காலைல திறந்து பாரு, அப்போ நின்னா எப்பவும் நிக்கும். இன்னொண்ணு, ஸ்பேரைக் கழட்டி பின்னாடி மாத்தினா இதே டேம்பர் அதிகம். மூட 10 கிலோ அழுத்தணும். அப்போ 100 நியூட்டன் போதும்.

தேவி அக்கா: அந்தப் பழைய தாங்கு கம்பியை விக்கிறதா?

குணா: கழட்டவே கூடாது அக்கா. டேம்பர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாகும், ஒரு நாள் டயரோட தலையில இறங்கும். இன்ஜினுக்குள்ள கை விடுறப்போ கம்பி நிக்கணும்.

சேகர்: தாப்பா ஊர்ல ஹாஃப்கட் (வெட்டின பழைய வண்டிப் பாகம்) கடையில வேன் பின்கதவு டேம்பர் மலிவா கிடைக்குதே, போலே (போடலாமா)?

மணியம் அண்ணன்: அதுல பல டேம்பர் 500 நியூட்டனுக்கு மேல இருக்கும், பழசுல எவ்வளவு காத்து மிச்சம்னும் தெரியாது. புதுசே வாங்கு. 10 மி.மீ. பால் ஸ்டட், எம்8 மரையான்னு கேட்டு வாங்கு.