காத்திருப்பவர்களுக்கு எந்தப் படம் சொல்வது?

வேலூர் காந்தி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையைக் கவனித்துக்கொள்வது என் வேலை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருபவர்களே எங்கள் விடுதிக்கு வருபவர்கள். மேற்கு வங்கம், அசாம், ஜார்க்கண்ட் என்று வெகுதொலைவிலிருந்து ரயிலேறிக் காட்பாடியில் இறங்குபவர்களும், எல்லை தாண்டி வங்கதேசத்திலிருந்து வருபவர்களும் அவர்களில் அதிகம்; இந்தப் பகுதியில் கடைப் பலகைகள் வங்காள எழுத்தில் இருப்பதும், கடுகெண்ணெயில் சமைத்த மீன் கிடைப்பதும் அதனால்தான். பரிசோதனை முடிவு வரும்வரை, அடுத்த மருத்துவர் சந்திப்பு வரும்வரை, அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கிடைக்கும்வரை அவர்கள் காத்திருக்கவேண்டும். நான் சினிமாப் பைத்தியம் என்பது எப்படியோ பரவிவிட்டதால், மாலையில் சாவி வாங்க வருபவர்கள், "தாதா (வங்காளத்தில் அண்ணன்), நல்ல படம் ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு நிற்பார்கள்.

சண்டைப் படமா, சிரிப்புப் படமா, பேய்ப் படமா என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. படத்தைப் பார்க்கப்போவது நோயாளியா, உடன் வந்தவரா, நாளைக் காலையில் என்ன பரிசோதனை இருக்கிறது, தமிழ் கொஞ்சமாவது புரியுமா என்பவற்றையே கேட்கிறேன். கடைகளிலும் செயலிகளிலும் ஒட்டியிருக்கும் வகைப் பெயர்கள் இவர்களுக்கு உதவுவதில்லை என்பது இந்த மேசையில் அமர்ந்து நான் கண்டது.

மொழி தெரியாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது 1987-இல் வெளிவந்த 'பேசும் படம்'. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கி, கமல்ஹாசனும் அமலாவும் நடித்த அந்தப் படத்தில் ஒரு வசனம்கூடக் கிடையாது என்பதால், கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த அசாமியரும் ஆம்பூர்க்காரரும் அதை ஒரே அளவில் புரிந்துகொள்ள முடியும். வேலையில்லாத இளைஞன் ஒருவன் பணக்காரர் ஒருவரைக் கடத்தி வைத்துவிட்டு, அவருடைய ஓட்டல் அறையில் போய் வாழத் தொடங்குகிறான். திரையரங்கின் இரைச்சலுக்கு நடுவே தூங்கிப் பழகிய அவனுக்கு, நட்சத்திர ஓட்டலின் அமைதியில் உறக்கம் வருவதில்லை. பழைய இடத்துக்குப் போய் அந்தச் சத்தத்தை ஒலிநாடாவில் பதிந்துகொண்டு வந்து, அதை ஓடவிட்டுத் தூங்குகிறான். மகனின் சிகிச்சைக்காக மேற்கு வங்கத்து மால்டாவிலிருந்து வந்திருந்த ஒருவர் இந்தக் காட்சியில் சிரித்த சிரிப்பு மேசைவரை கேட்டது. எங்கள் சந்தின் ஆட்டோ ஹாரனைக் குறித்து முதல் நாளிலிருந்தே என்னிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். மறுநாள் வந்து, ஊர் திரும்பும்போது இந்த ஹாரனைக் கைபேசியில் பதிந்துகொண்டு போகவேண்டியிருக்கும் என்றார். நகைச்சுவைப் படம் என்று பெயர் வாங்கியிருந்தாலும், அதன் முடிவு சிரித்துக்கொண்டே எழுந்துபோக விடாது என்பதை நான் யாரிடமும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அதே மனிதர் எனக்குப் பதிலுக்கு ஒரு படம் சொன்னார். சத்யஜித் ராய் என்றால் 'பதேர் பாஞ்சாலி'யின் வறுமையைத்தான் தமிழர்கள் பேசுகிறீர்கள், அவர் எடுத்த மாயாஜாலப் படத்தைப் பார்த்தீர்களா என்று சற்றுக் கோபமாகவே கேட்டார். 1969-இல் வந்த 'கூப்பி காயின் பாகா பாயின்' அது. பாடத் தெரியாத ஒருவனும் மேளம் கொட்டத் தெரியாத ஒருவனும் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுக் காட்டில் சந்திக்கிறார்கள். பேய்களின் அரசன் அவர்களுக்கு வரங்கள் தருகிறான். பேய்கள் கூட்டமாக ஆடும் நீண்ட நடனம் ஒன்று அதில் இருக்கிறது. பேய்கள் நிறைந்திருந்தும் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய அந்தப் படத்தை, இப்போது குழந்தைகளோடு வருபவர்களுக்கு நான் பரிந்துரைக்கிறேன். வங்காளிகள் முதலில் என்னை வியப்போடு பார்க்கிறார்கள். பிறகு அறை வாடகையில் தள்ளுபடி கேட்கிறார்கள்.

திகில் படங்களை மட்டும் ஆள் பார்த்துத்தான் சொல்லவேண்டும். மாதவன் நடித்து 2009-இல் வந்த 'யாவரும் நலம்' இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது. கதவு கிறீச்சிடுவதையும் இருட்டையும் மட்டும் நம்பாமல், ஒரு குடும்பம் நாள்தோறும் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரையே அச்சத்துக்குக் காரணமாக்கிய சாமர்த்தியம் அதில் உண்டு. ஆனால் அந்தக் கதையில் ஒரு மருத்துவர் வருகிறார். படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் நிறுத்திக்கொள்கிறேன் என்பது புரியும். மறுநாள் வெள்ளைக் கோட்டைப் பார்க்கப் போகிறவரிடம் அந்தப் பெயரை நான் எடுப்பதில்லை.

அப்படியென்றால் மருத்துவமனையிலேயே நடக்கும் படங்களையும் ஒதுக்கிவிடவேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். செய்யாறு பக்கத்திலிருந்து மனைவியின் சிகிச்சைக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' கைபேசியில் கிடைக்குமா என்று அவராகவே கேட்டார். 1962-இல் வந்த அந்தப் படம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடப்பது. புற்றுநோய் வந்த கணவனாக முத்துராமனும், அவன் மனைவியாக தேவிகாவும், அவளை முன்பு காதலித்த மருத்துவராகக் கல்யாண்குமாரும் நடித்திருப்பார்கள். "வேண்டாம் ஐயா, அம்மாவுக்கு மனது கஷ்டப்படும்" என்று நான் தயங்கினேன். கேட்டதே அவர் மனைவிதான் என்றும், திருமணமான புதிதில் ஆரணியில் இருவரும் சேர்ந்து பார்த்த படம் என்றும் சொன்னார். தேடி எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் அந்த அம்மா என்னிடம் நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தேவிகாவின் புடவைகளைப் பற்றியும், வின்சென்டின் ஒளிப்பதிவில் எல்லோரும் எவ்வளவு அழகாக இருக்கிறார்கள் என்பதைப் பற்றியுமே பேசினார். பாலசந்தரின் முதல் படமான 'நீர்க்குமிழி'யும் (1965) மருத்துவமனைக் கதைதான் என்று சொன்னபோது, அதில் நாடக வாடை அதிகம் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். நாகேஷுக்காகப் பார்க்கலாம் என்பது என் கட்சி.

சண்டைப் படங்களில் 2019-இல் வந்த 'கைதி'யைச் சொல்வேன். பாட்டு கிடையாது, கதாநாயகி கிடையாது, கதை ஒரே இரவில் முடிந்துவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரவைக் கழிக்கும் இளைஞர்கள் இதைத்தான் விரும்பிப் பார்க்கிறார்கள். குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு மனைவியை இங்கே அழைத்து வந்திருந்த ஒருவருக்கு லாரிச் சண்டைகள் எவையும் நினைவில் நிற்கவில்லை. மகளைப் பார்க்கப் போகும் தகப்பன் கதை என்றே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

*

*ஆரணி வட்டத்திலிருந்து ஒருவர்:*

விடுதி நண்பர் எழுதியதைப் படித்தேன். டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த கூட்டத்தில் வகை பிரித்துப் படம் கேட்டவர் யாரும் இல்லை. ஒரே சீட்டுக்குப் பக்தியும் சிரிப்பும் அழுகையும் சண்டையும் வேண்டும். ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாட'லைப் (1965) பக்திப் படம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். சாமி கும்பிட வந்த பெண்கள் கற்பூரம் ஏற்றியதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் தருமியாக நாகேஷ் புலம்பும் இடத்தில் ரீல் அறுந்தால் எங்களை அடிக்கவே வந்துவிடுவார்கள். சிவபெருமான் தோன்றும் இடத்தில் அறுந்தால் பொறுமையாக இருப்பார்கள். அதே ஆண்டில், அதே நாகேஷ்தான் நண்பர் சொன்ன 'நீர்க்குமிழி'யிலும் நடித்தார். அந்த அம்மாவின் கருத்தை நான் ஏற்கவில்லை. நாடகத்திலிருந்து வந்த இயக்குநரின் முதல் படத்தில் நாடக வாடை இல்லாவிட்டால்தான் அதிசயம்.

ஸ்ரீதரைக் குறிப்பிட்டவர் 'காதலிக்க நேரமில்லை'யை (1964) விட்டுவிட்டது எனக்கு வருத்தம். படத்துக்குள் படம் எடுக்க அலையும் நாகேஷ், பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியைத் தமிழ் தெரியாத உங்கள் விருந்தினர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். பாலையாவின் முகம் ஒன்றே போதும், அடியில் எழுத்து ஓடவேண்டியதில்லை.

*

*வாணியம்பாடியிலிருந்து ஒரு சகோதரி:*

தோல் காலணித் தொழிற்சாலைக்குப் பேருந்தில் போய்வரும் நேரத்தில் படம் பார்ப்பவள் நான். எனக்குத் திகில் படம் என்றால் பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). சிரிக்காதீர்கள். அர்ச்சனா நடித்த அந்தப் பெண் கடன் வாங்கி, நகையை விற்று, ஒப்பந்தக்காரரை நம்பி ஒரு சின்ன வீட்டைக் கட்டத் தொடங்குகிறாள். சிமென்ட் மூட்டை காணாமல் போகும் இடத்தில் என் நெஞ்சு அடித்துக்கொண்டதுபோல் எந்தப் பேய்ப் படத்திலும் அடித்துக்கொண்டதில்லை. ஏனென்றால் அப்போது நாங்களும் வங்கிக் கடனில் அஸ்திவாரம் போட்டிருந்தோம். கொத்தனார் வராத ஒரு திங்கட்கிழமை, அந்தப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கே போய் மூட்டைகளை எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. கிரகப்பிரவேசம் முடிந்த பிறகுதான் மீதியைப் பார்த்தேன். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் யாரும் முடிவை முன்னதாகப் பார்க்கவேண்டாம்.

துப்பறியும் படங்களில் பழையது ஒன்றையும் சொல்கிறேன். எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954). சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுவார். ஜப்பான் குண்டு வீசிய காலத்துச் சென்னையில், அவரைக் கொன்றது யார் என்று ஒவ்வொருவரும் தம் கோணத்தில் சொல்வார்கள். அந்தக் காலத்திலேயே பாட்டு இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். ஆம்பூரில் ஏறி வாணியம்பாடியில் இறங்குவதற்குள் முடிகிற படம் அல்ல; பாதியில் விட்டால் வேலையில் கவனம் போகாது. எனவே ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதி அண்ணனிடம் ஒன்று கேட்கவேண்டும். அடுத்த மாதம் என் மாமியாருக்குச் சோதனைகள் எடுக்க வேலூர் வருகிறோம். அவருக்குக் கண் மங்கலாகத்தான் தெரியும். காதால் கேட்டே ரசிக்கக்கூடிய படமாக இருக்கவேண்டும். 'தில்லானா மோகனாம்பா'ளை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருக்கிறார். வேறு என்ன சொல்வீர்கள்?