பழுதென ஐயுறும் கீசரை நிறுவனத்திடம் கொடுத்துவிடலாமா?

மாறன்:

வாரண்டிக் காலம் முடியாத கீசர் ஒன்று, இணைப்பில் இருக்கும்போது ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பானை அடிக்கடி ட்ரிப் செய்கிறது. பார்வையிட வந்த நிறுவனத்தின் சர்வீஸ் ஊழியர், சுவிட்சை அணைத்த நிலையிலும் ட்ரிப் ஆவதால் குறை கீசரில் இல்லை, வீட்டு வயரிங்கில்தான் இருக்கிறது என்று ஜாப் ஷீட்டில் எழுதிச் சென்றுவிட்டார். நான் அதை எழுத்து மூலம் மறுத்த பிறகு, கீசரைக் கழற்றித் தங்கள் பணிமனைக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க இப்போது முன்வந்திருக்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்தில் முறையிடும் எண்ணம் இருக்கும் நிலையில், பொருளைக் கையைவிட்டு அனுப்புவது சரியா?

தென்றல்வாணன்:

அனுப்பாதீர்கள். அந்த ஜாப் ஷீட்டில் உள்ள காரணமே தவறானது. வீடுகளில் உள்ள சாதாரண சுவிட்ச், மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் கம்பியை மட்டும் துண்டிக்கிறது. மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி கீசருடன் இணைந்தபடியே இருக்கிறது. கீசரின் உள்ளே நியூட்ரல் பக்கத்துக் காப்பு கெட்டு, உலோக உடலோடும் அதன் வழியாக எர்த்தோடும் தொடர்பு ஏற்பட்டிருந்தால், வீட்டின் பிற கருவிகள் ஓடும்போது நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தின் ஒரு பகுதி எர்த் வழியே பிரிந்து போகும். பேஸில் போனதும் நியூட்ரலில் வந்ததும் சமமாக இல்லை என்பதை உணர்ந்து துண்டிப்பான் விழுந்துவிடும். ஆகவே சுவிட்ச் அணைந்திருக்கும்போது ட்ரிப் ஆவது கீசரைக் குற்றமற்றதாக்கவில்லை. பல நேரங்களில் அதுவே கீசரைச் சுட்டிக்காட்டும் அடையாளம்.

இதை உறுதிப்படுத்தும் முறை எளியது. சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே உருவிவிட வேண்டும். பிளக் வெளியே இருக்கையில் ட்ரிப் ஆகாமல், செருகியவுடன் ஆனால், சாக்கெட்டுக்கு முந்தைய வயரிங் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. அதே சாக்கெட்டில் வேறொரு பெரிய மின்கருவியை ஓட்டிப் பார்த்து அப்போதும் ட்ரிப் ஆகவில்லையெனில் வயரிங் மீதான ஐயம் மேலும் குறையும். துண்டிப்பானைத் தவிர்த்து நேரடியாக இணைத்துப் பார்க்கச் சொல்லும் ஆலோசனையை யார் கொடுத்தாலும் ஏற்காதீர்கள்.

நிறைமதி:

நண்பரின் மின்னியல் விளக்கத்தை மறுக்கவில்லை. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை மறுக்கிறேன். சர்வீஸ் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன், வீட்டில் பூட்டி வைக்கப்பட்ட கீசர் காலப்போக்கில் தன் சான்றைத் தானே இழந்துவிடக்கூடும். ஹீட்டர் ராடின் உலோகக் குழாய்க்குள் மின்தடைக் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு தூள் அடைக்கப்பட்டிருக்கிறது. குழாயின் முனையில் உள்ள அடைப்பு பழுதானால் அத்தூள் ஈரத்தை உறிஞ்சிக் கசிவுக்கு வழிவிடும். கழற்றி வைத்த கீசர் உலர்ந்தால் அந்த ஈரமும் போகலாம், கசிவும் மறையலாம். பல மாதங்கள் கழித்து ஆய்வகத்தில் வைத்து அளக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருப்பதாக அறிக்கை வந்தால், மாறன் அவர்கள் என்ன செய்வார்?

தவிர, பரிசோதிக்கக் கேட்டும் கொடுக்கவில்லை என்பது எதிர்த்தரப்புக்கு நாமே எழுதிக் கொடுக்கும் வாதம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று குறிக்கப்பட்ட துண்டிப்பான், அதன் பாதி அளவுக்கு மேல் கசிவு போனாலே விழ இடமுண்டு. கணினி, வாஷிங் மெஷின் போன்றவற்றின் வடிகட்டி மின்தேக்கிகள் இயல்பாகவே சிறிதளவு மின்னை எர்த்துக்கு அனுப்புகின்றன. அவை ஏற்கெனவே வரம்பை நெருங்கியிருக்க, கீசரின் சிறு கசிவு கடைசித் துளியாகச் சேர்ந்திருந்தால், கீசர் மட்டுமே பழுது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

தென்றல்வாணன்:

கடைசிப் பத்தி நியாயமானது. மற்ற கருவிகளின் பிளக்குகளை எல்லாம் உருவிவிட்டும் ஒரு முறை பார்க்க வேண்டும். ஆனால் நியூட்ரல் குறை தன்னை வெளிக்காட்ட வேறு ஏதேனும் ஓடவேண்டியிருப்பதால், ஒரேயொரு கருவியை மட்டும் விட்டுவைத்துச் சோதிக்கவேண்டும்.

பணிமனைக்குப் போன கீசருக்கு என்ன நேரும் என்பதை மட்டும் நிறைமதி அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார். ராடை மாற்றுவார்கள், பழைய ராடு கழிவுக்குப் போகும், தாளில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று ஒரு சொல் மட்டும் இருக்கும். அல்லது உப்பு நீரால் படிவு ஏறி ராடு சூடேறியது, அது வாரண்டியில் சேராது என்று எழுதுவார்கள். அதை மறுக்க உங்கள் கையில் எந்தப் பொருள் இருக்கும்?

எழிலரசு:

எங்கு வாழ்கிறோம் என்பதைப் பொறுத்து இதற்கு விடை மாறும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சோதனை இல்லாமல் கண்டறிய முடியாத குறை என்றால், மாவட்ட ஆணையமே முறையீட்டாளரிடமிருந்து மாதிரியைப் பெற்று முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும். 45 நாட்களுக்குள் அறிக்கை வரவேண்டும். முறையிடும் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில், வாங்கிய ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிறுவுவது விற்றவரின் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஆணை அந்தக் காலத்தை ஓராண்டாக வைத்திருக்கிறது.

ஆகவே வாங்கிய தேதியும் குறை முதலில் தெரிந்த தேதியும் பிற எல்லாவற்றையும் விட முக்கியமானவை. முதல் புகாரைத் தொலைபேசியில் மட்டும் சொல்லியிருந்தால், இன்றே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

நிறைமதி:

குறை எப்போதிருந்து உள்ளது என்பதைத்தான், விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளும் அந்தச் சட்ட ஊகம் தீர்க்கிறது; குறை இருக்கிறது என்பதை வாங்கியவர் எப்படியும் காட்டியாக வேண்டும். நாம் வாதிடுவதே அந்த இடத்தைப் பற்றித்தான். நிறுவனம் புதிய கீசரைத் தர இசைந்தால் அதைப் பெற்றுக்கொண்டு விலகுவதில் என்ன தவறு என்பதும் எனக்கு விளங்கவில்லை.

எழிலரசு:

மாற்றுப் பொருளிலும் அதே குறை இருக்கலாம் என்பதற்கு 2016இல் சாம்சங்கின் நோட் 7 கைப்பேசி போதிய சான்று. திரும்பப் பெற்று மாற்றித் தரப்பட்ட கைப்பேசிகளும் தீப்பற்றின; அக்டோபரில் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. முதல் தொகுதி பேட்டரியில் ஒரு குறையும், மாற்றாக வந்த பேட்டரியில் வேறொரு குறையும் இருந்ததாக நிறுவனம் 2017 ஜனவரியில் அறிவித்தது. புதிய கீசரைப் பெறுவதில் தவறில்லை. ஆனால் பழையதில் என்ன கெட்டது என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் பெறுவது வேறு.

மாறன்:

அனைவருக்கும் நன்றி. எனக்குப் பணத்தைவிட அந்த ஜாப் ஷீட்டின் வாசகமே உறுத்துகிறது. வயரிங்தான் குறை என்பதை இன்று ஏற்றால், நாளை யாருக்கேனும் மின் அதிர்ச்சி நேர்ந்தாலும் அதுவே என்மேல் திரும்பும். உலர்ந்துவிடும் என்ற எச்சரிக்கையையும் தள்ள முடியவில்லை. எனவே கீசரைக் கழற்றும் முன், வீட்டிலேயே நிறுவன ஊழியர் முன்னிலையில், உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் பிளக்கை உருவிப் பார்க்கும் சோதனையையும் மின்காப்பின் தடையை அளக்கும் மெக்கர் சோதனையையும் செய்ய வேண்டும் என்று எழுதப்போகிறேன்.

தென்றல்வாணன்:

500 வோல்ட் மெக்கரில், பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து எர்த்துக்கு எதிராக அளக்கச் சொல்லுங்கள். இத்தகைய உலோக உடல் கருவிக்கு ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் சந்தேகிப்பதே வழக்கம். தண்ணீர் நிரம்பிய நிலையிலும், சூடேறி ஆறிய பிறகும் அளவு மாறலாம் என்பதால் இரண்டையும் குறிக்க வேண்டும். வரிசை எண் தெரியும்படி ஒளிப்படமும் எடுங்கள்.

நிறைமதி:

அந்தக் கூட்டுச் சோதனைக்கு எனக்கு மறுப்பில்லை, நிறுவனம் வர மறுத்தால் அந்த மறுப்பும் எழுத்தில் கிடைத்துவிடும். சோதனைக்குப் பின் பொருளைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதில் மட்டும் மாறவில்லை. கழற்றிய ராடைத் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையை ஒப்புகைச் சீட்டில் எழுதி, வாங்கிச் செல்பவரிடம் கையொப்பம் பெறுங்கள்.

தென்றல்வாணன்:

கையொப்பம் போட மறுத்தால் கீசர் வாசலைத் தாண்டக்கூடாது.